நடுவில் வைத்த வட்டா

1

இன்றைக்கு எங்கள் ஊர் மண்டூரில் முருகன் கோயில் தீர்த்தத் திருவிழா. அக்கா காலையிலேயே வீடியோ அனுப்பியிருந்தாள். வாவியில் சனம் முங்கி எழும்புகிறது, யாரோ ஒருவரின் தோளில் இருக்கிற குழந்தை தண்ணீரைக் கண்டு வீரிட்டுக் கத்துகிறது, தொலைந்துபோன சாவிக்கொத்து ஒன்றைப் பற்றி ஒலிபெருக்கியில் அறிவிக்கிறார்கள். பாதிப் படத்தை அக்காவின் பெருவிரல் மறைத்திருந்தது. அந்த விரலையும் சேர்த்து நான்கு தரம் பார்த்துவிட்டேன்.

சுவிஸுக்கு வந்து முப்பது வருசம். இந்த ஒரு நாளைக்கு மட்டும் நான் எப்பாடுபட்டாவது லீவு எடுப்பேன். வீட்டிலிருந்து பதினைந்து நிமிடம் நடந்தால் மலைப்பனி உருகி வருகிற ஏரி. வாத்துகள் நிற்கிற மூலையில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி மூன்று தரம் முங்குவேன். நம்முடைய வாவித் தண்ணீரின் இளஞ்சூடு எங்கே, இந்தப் பல்லைக் கிட்ட வைக்கிற குளிர் எங்கே. ஒருமுறை ஒரு வெள்ளைக்கார அம்மா, நான் ஏதோ செய்துகொள்ளப் போகிறேன் என்று பயந்து ஓடி வந்தாள். "கடவுளுக்காக முங்குகிறேன்" என்றேன். "இவ்வளவு குளிரைக் கேட்கிற கடவுள் யார்?" என்று கேட்டுவிட்டுத் தன்னுடைய துவாயைத் தந்துவிட்டுப் போனாள். அந்தத் துவாய் இன்னும் வீட்டில் கிடக்கிறது.

போன வருசம் மட்டும் தீர்த்தம் தவறிப்போனது. அன்றைக்கு நான் வேலை செய்கிற ஹோட்டலில் இரண்டு நாட்டுத் தலைவர்கள் இருந்தார்கள். ஒருவர் தலையில் மற்றவர் அணுகுண்டைப் போடுவதா, வேண்டாமா என்று பேச வந்தவர்கள். அவர்களுக்குச் சூப் ஊற்றியவன் நான்.

எந்த நாடு, என்ன பேர் என்று கேட்காதீர்கள். ஏழு பக்கத்தில் கையெழுத்து வைத்துக் கொடுத்திருக்கிறேன். ஒருவர் நெடுநெடுவென்று வளர்ந்தவர், அவர் நெட்டையர். மற்றவர் கண்ணாடியைக் கழற்றுவதும் துடைப்பதுமாக இருந்தவர், அவர் கண்ணாடிக்காரர். அவ்வளவு போதும்.

2

அவர்கள் வருவதற்கு இரண்டு மாதத்துக்கு முன்பிருந்தே தொலைக்காட்சியில் வேறு கதை கிடையாது. நெட்டையர் ஒரு நாள், "எங்களிடம் இருக்கிறது, மறந்துவிடாதீர்கள்" என்பார். அடுத்த நாள் கண்ணாடிக்காரர், "எங்களிடம் அதைவிடப் பெரியது இருக்கிறது" என்பார். கடைகளில் டின் மீனும் மெழுகுதிரியும் தீர்ந்துபோயின. என் மனைவி கமலா மீன் வெட்டிக்கொண்டே பார்த்தாள்.

"ரெண்டு பேரையும் ஒரு நாளைக்கு மண்டூர்ல கொண்டுபோய் விடணும். வாயைக் கட்டிப் பூசை செய்யிறதெண்டா என்னெண்டு பாத்திற்று வரட்டும்" என்றாள்.

கமலா அமிர்தகழிக்காரி. அந்த ஊர் மாமாங்கக் கோயில் திருவிழாச் சனத்துக்குள்ளே வளர்ந்தவள் என்பதால் அவள் மெதுவாகப் பேசினாலும் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். ஆனால் அவள் சொன்னதில் விஷயம் இருந்தது. எங்கள் மண்டூர் முருகனுக்குப் பூசை செய்கிற கப்புகனார் வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டுதான் செய்வார். மந்திரம் இல்லை, சத்தம் இல்லை. அந்தத் தலைவர்களின் பேச்சைக் கேட்கக் கேட்க எனக்கும் இரண்டு முழம் வெள்ளைத் துணி வாங்கி அனுப்பலாமோ என்றுதான் இருந்தது.

அந்தக் கிழமைதான் நகரசபையில் இருந்து கடிதம் வந்தது. இங்கே மாடிக் கட்டடங்களுக்குக் கீழே பதுங்கு அறை இருக்கும். ஒரு சாண் கனத்துக் கதவு, காற்று வடிகட்டுகிற இயந்திரம் எல்லாம் உண்டு. சண்டை இல்லாத காலத்தில் அது சாமான் அறை. எங்கள் பங்கில் கமலா ஆறு மூட்டை அரிசி, மிளகாய்த்தூள் வாளி, அக்கா அனுப்பிய கருவாடு என்று ஒரு கடையே வைத்திருந்தாள். அதையெல்லாம் இரண்டு கிழமைக்குள் அகற்றி, ஆட்கள் இருக்கத்தக்கதாக வைக்க வேண்டுமாம்.

"அரிசி வெளியில, நாங்க உள்ளயா? குண்டு விழுந்தாப் பொறவு உள்ளுக்க இருந்து என்னத்தத் தின்னுறதாம்?" என்று கமலா என்னைப் பிடித்துக்கொண்டாள், கடிதத்தை நான்தான் எழுதினேன் என்பதுபோல.

கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிறவர் சோதிக்க வந்தார். கதவைத் திறந்ததும் கருவாட்டு மணம் அவரை ஒரு அடி பின்னால் தள்ளியது. கதவைத் தட்டிப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "இதைப் பூட்டினால் கதிர்வீச்சு உள்ளே வராது. ஆனால் இந்த மணம் வெளியே போகாது. எனக்கு எது பயம் என்று தெரியவில்லை" என்றார். கமலா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். கருவாட்டை வீட்டுக்குக் கொண்டுபோவது, அரிசியை "அவசரகால உணவு" என்று எழுதி அங்கேயே வைப்பது என்று முடிவானது.

அவர் போன பிறகு அந்த அறைக்குள் இருவரும் கொஞ்ச நேரம் நின்றோம். இளம் வயதில் ஊரில் சண்டைக்குப் பயந்து நாங்கள் ஓடியபோது எங்களுக்கு இப்படி ஒரு கதவு கிடைக்கவில்லை. நான் வயல் வரம்பில் குப்புறப் படுத்தேன். அவள் புளியந்தீவில் ஒரு கோயில் மண்டபத்தில் அரிசிப் பானையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒன்பது நாள் இருந்தாள். "நல்ல கதவுதான்" என்று சொல்லிவிட்டுக் கமலா லைட்டை அணைத்தாள்.

3

தலைவர்கள் வருகிறார்கள் என்றதும் ஹோட்டலில் எல்லோருக்கும் ஒரு படிவம் தந்தார்கள். நான் அங்கே இருபத்தாறு வருசம். முதல் ஒன்பது வருசம் கோப்பை கழுவினேன், இப்போது விருந்து மேசையில் பரிமாறுகிறேன். படிவம் நிரப்புவதில் என்னை அடிக்க ஆளில்லை என்ற நினைப்பு எனக்கு.

"இதற்கு முன் வாழ்ந்த விலாசங்கள்" என்று நான்கு கோடு போட்டிருந்தார்கள். நான் பதினொன்று எழுதினேன். அதில் மூன்று பள்ளிக்கூடம், ஒன்று ஒரு புளியமரம். கீழே, என்னென்ன மொழி தெரியும் என்று கேட்டிருந்தார்கள். அதற்கும் கீழே, "வெடிபொருட்களைக் கையாண்ட அனுபவம் உண்டா?" என்றொரு கேள்வி. மொழியைப் போல இதுவும் ஒரு திறமைதான் போலிருக்கிறது என்று நினைத்து, "ஆம்" என்பதில் அழகாகப் புள்ளடி போட்டுவிட்டேன். பொய் இல்லையே. பதினாறு வயதிலிருந்து ஊரை விட்டு வரும்வரை எங்கள் பகுதித் திருவிழாக்களில் வெடி கொளுத்தியவன் நான்தான். வெடிக்காரன் என்றுதான் ஊரில் பெயர்.

அடுத்த நாள் கோட்டுப் போட்ட இருவர் என்னைத் தனியறைக்குக் கூப்பிட்டார்கள்.

"கடைசியாக எப்போது வெடிக்க வைத்தீர்கள்?"

"ஊரை விட்டு வந்த வருசம், ஆவணி மாதத்தில்."

"யாருடைய உத்தரவின் பேரில்?"

யோசித்துப் பார்த்தேன். "முருகனுக்காகத்தான்" என்றேன்.

"முருகன் என்பவர் யார்?"

இங்கேதான் நான் வாயை மூடியிருக்க வேண்டும். "அவர் ஒரு படைத்தலைவர்" என்று சொல்லிவிட்டேன். ஒருவர் எழும்பிக் கதவைச் சாத்தினார். ஆறு முகம், பன்னிரண்டு கை, மயில் என்று விளங்கப்படுத்தி முடிப்பதற்கு முக்கால் மணித்தியாலம் ஆனது. கடைசியில் எங்கள் மேற்பார்வையாளர் ரெகுலாவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, "இவர் பிறந்தநாள் கேக்கில் மெழுகுதிரி கொளுத்தவே இரண்டு தரம் என்னிடம் கேட்கிறவர்" என்று எனக்காகக் கையெழுத்து வைத்தாள்.

அதோடு ஏழு பக்க உறுதிமொழி. விருந்தினரோடு பேசக் கூடாது, எதையும் கொடுக்கக் கூடாது, அறையில் ஒரு பரிமாறுகிறவர் எந்நேரமும் சுவரோடு நிற்க வேண்டும். எதை மீறினாலும் வேலை இல்லை.

4

எங்கள் ஒரே மகள் ஆரணிக்கு அப்போது இருபத்தொரு வயது. ரயிலில் ஒரு மணித்தியாலத் தூரத்தில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். சின்ன வயதில் என் மடியில் இருந்து மண்டூர்க் கதை கேட்டவள், இப்போது எனக்கு அனுப்புகிற செய்திகளில் ஒரு சொல்லுக்கு மேல் இராது. ஓம். இல்ல. பிறகு. சில நாள் வெறும் பெருவிரல் படம். தந்தி கொடுக்கிற காலத்திலேயே இதைவிடக் கூடச் சொற்கள் இருந்தன என்று கமலாவிடம் குறைப்படுவேன்.

பேச்சுவார்த்தைக்கு முந்தின சனிக்கிழமை அவளாகவே வீட்டுக்கு வந்தாள். நான் பரிமாறப் போவதைக் கமலா அவளிடம் சொல்லியிருந்தாள். அந்தக் குரலில் சொன்னது உறுதிமொழிக்குள் அடங்குமா என்று எனக்குத் தெரியாது.

ஆரணி சாப்பாட்டு மேசையில் இரண்டு கடித உறைகளை வைத்தாள். "அப்பா, நாங்க எல்லாரும் ஹோட்டலுக்கு முன்னால பதாகையோட நிக்கப் போறம். ஆனா எங்கட சத்தம் அவங்களுக்குக் கேக்காது. நீங்க கிட்ட போறீங்க. இத அவங்கட கோப்பைக்குக் கீழ வைங்க. ஆளுக்கு ஒண்டு."

"வேலை போயிரும் மகள்."

"உலகம் போனாப் பொறவு வேலை எங்க இருக்கும்?"

"நான் பரிமாறுறவன். வாயத் திறக்கப்படாது. அதுதான் என்ட வேலை."

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை.

"கப்புகனார் வாயக் கட்டினது சாமிக்கு முன்னாலப்பா. நீங்க ஆருக்கு முன்னால கட்டியிருக்கீங்க?" என்று கேட்டாள்.

அந்தக் கதையை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான். இரண்டு உறைகளையும் எடுத்துச் சட்டைப் பையில் வைத்தேன். சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவள் அதைச் சரி என்றே எடுத்துக்கொண்டாள் என்பது, போகும்போது என் கையைப் பிடித்து அழுத்தியதில் தெரிந்தது.

5

முதல் நாள் பேச்சில் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் நாள் தீர்த்தம். விடிய வீட்டுக் குழாயடியிலேயே மூன்று தரம் தலையில் ஊற்றிக்கொண்டு, முருகனிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். வாசலில் உலோகத்தைத் தேடினார்கள். காகிதத்தை யாரும் தேடவில்லை. உறைகள் இரண்டும் என் நெஞ்சோடு உள்ளே வந்துவிட்டன.

மத்தியானத்துக்குள் பேச்சு முறிந்துபோகிறது என்று சமையலறை முழுக்கத் தெரிந்துவிட்டது. நெட்டையரின் கார்கள் இயந்திரத்தை ஓட விட்டபடி நின்றன. ஒரு கடைசி முயற்சியாக இருவரையும் சின்ன அறையில் சாப்பிட வைத்தார்கள். இருவருக்கும் பின்னால் ஒவ்வொரு மொழிபெயர்ப்பாளர். வாசலில் செயலாளர்கள், ஒரு படப்பிடிப்பாளர்.

யாருக்கும் முதலில் வைத்ததாக இருக்கக் கூடாது என்பதால் நானும் பவுலோ என்ற போர்த்துக்கல்காரனும் இரண்டு பக்கமும் நின்று, கண்ணால் எண்ணி, ஒரே நேரத்தில் கோப்பையை வைப்போம். அது நன்றாகத்தான் போனது. ஆனால் யார் முதலில் கரண்டியைத் தூக்குவது? படப்பிடிப்பாளர் காத்திருக்கிறார். முதலில் சாப்பிட்டவர் இறங்கி வந்தவராகிவிடுவார். இருவரும் சூப்பைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். சூப் ஆறிப்போனது. மாற்றினோம், அதுவும் ஆறிப்போனது. மூன்றாவது சூப்புக்குப் பவுலோ சமையலறைக்குள் போய்விட்டான். நான் சூப்பில் தோய்த்துச் சாப்பிடுகிற பாண் கூடையோடு தனியே நிற்கிறேன். யாருக்கு முதலில் நீட்டுவது?

அப்போது எனக்கு அம்மாவின் வட்டா ஞாபகம் வந்தது. ஊர் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். வட்டா என்பது கால் வைத்த பித்தளைத் தட்டம். வீட்டுக்கு வந்தவருக்கு முதலில் அதில் வெற்றிலை வைத்து நீட்டுவோம். என் மாமாவும் பக்கத்து வயல்காரரும் வட்டைக்குள், எங்கள் வயல்வெளிக்குள், வருகிற வாய்க்கால் தண்ணீருக்காகச் சண்டை பிடித்து மூன்று வருசம் பேசாமல் இருந்தார்கள். ஒரு விசேஷத்துக்கு இருவரும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அம்மா இருவருக்கும் நடுவில் வட்டாவை வைத்தாள். பிறகு, "அடுப்பில பால் கிடக்கு" என்று எழும்பிப் போனாள். அப்பாவுக்கு மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டியிருந்தது. ஒவ்வொருவராக எல்லோருக்கும் ஒரு வேலை வந்து அறை காலியாகிவிட்டது. நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது எந்த ஆம்பிளையும் முதலில் கை நீட்ட மாட்டான் என்பது அம்மாவுக்குத் தெரியும். நாங்கள் திரும்பி வந்தபோது இருவரின் வாயும் சிவந்திருந்தது. யார் முதலில் எடுத்தது என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. கேட்கவும் கூடாது.

நான் கூடையை மேசையின் சரி நடுவில் வைத்தேன். மொழிபெயர்ப்பாளர்களிடம் குனிந்து, "உங்களுக்குப் பக்கத்து அறையில் சாப்பாடு இருக்கிறது" என்று மெதுவாகச் சொன்னேன். காலையிலிருந்து பட்டினி கிடந்த மனிதர்கள், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழும்பினார்கள். தலைவர்கள் இருவருக்கும் ஆங்கிலம் தெரியும் என்பதும், தெரியாததுபோல் இருக்கிறார்கள் என்பதும் முதல் நாளே எனக்கு விளங்கியிருந்தது. வாசலில் நின்றவர்களிடம், "அடுத்த தட்டு வருகிறது, கதவைச் சாத்த வேண்டும்" என்றேன். வெள்ளைக் கையுறை போட்டவன் சொன்னால் எவ்வளவு பெரிய ஆளும் விலகி நிற்பான். கதவைச் சாத்தினேன். அப்போதுதான் தெரிந்தது, நான் சாத்தியது வெளியே நின்றுகொண்டு.

பக்கத்துச் சாமான் அறைக்குள் போய் நின்றேன். பையில் இருந்த உறை ஒன்றைப் பிரித்தேன். ஆங்கிலத்தில் கையால் எழுதியிருந்தாள். "இதை உங்கள் கோப்பைக்குக் கீழே வைப்பவர் என் அப்பா. அவர் ஒரு யுத்தத்தைப் பார்த்து முடித்துவிட்டார். இன்னொன்றைப் பார்க்க அவருக்கு நேரம் இல்லை. அடுத்த கிழமையும் அவருக்கு வேலை இருக்கிறது."

நான் அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது. பேசவே மாட்டாள் என்று நான் குறைப்பட்ட பிள்ளை உலகத்துத் தலைவர்களிடம் என்னைப் பற்றிப் பேசியிருக்கிறாள். அந்த நிமிடமே உள்ளே போய் அதை வைக்கலாம் என்று திரும்பி வந்து சாப்பாட்டறைக் கதவின் கைப்பிடியில் கை வைத்தேன். நான் திறக்கவில்லை. நடுவில் வட்டா வைத்த அறைக்குள் போகக் கூடாது என்பது ஒரு காரணம். மற்றக் காரணம் பயம். இரண்டில் எது பெரியது என்று கேட்டால், பயம்தான்.

ரெகுலா முகம் சிவக்க ஓடி வந்தாள். "உள்ளே யார் நிற்கிறார்கள்?" "ஒருவரும் இல்லை" என்றேன். அவள் தலையில் கை வைத்தாள். பாதுகாப்பு ஆட்கள் கதவுக்குக் கிட்டப் போவதற்குள் அது உள்ளேயிருந்து திறந்தது. கண்ணாடிக்காரர் தலையை நீட்டினார். இன்னும் கொஞ்சம் பாண் கிடைக்குமா என்று கேட்டார்.

சாயந்தரம் கார்களை நிறுத்திவிட்டார்கள். இன்னும் இரண்டு நாள் பேசினார்கள், பிறகு வேறு ஊரில் பேசினார்கள், இன்றைக்கும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அலுப்புத் தட்டுகிற பேச்சு என்பதால் தொலைக்காட்சியில் காட்டுவதில்லை. நான் உலகத்தைக் காப்பாற்றினேன் என்று ஊரில் கதை கட்டிவிடாதீர்கள். மனிதர்களுக்குப் பசித்திருக்கும், அவ்வளவுதான். பேச்சு முறியாததால் வேலை போகவில்லை, எனக்குக் கிடைத்தது ஓர் எச்சரிக்கைக் கடிதம். காரணம்: பணியிடத்தை விட்டு வெளியேறியமை.

6

அன்று வேலை முடிந்து வெளியே வந்தபோது ஆரணி மழைக்குள் பதாகையோடு நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"வச்சீங்களா?"

"இல்ல மகள்."

அவள் தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் கூட்டாளிகளிடம் திரும்பிப் போனாள். கூடையைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன், கேட்க ஆள் இல்லை.

அதன் பிறகு ஏழு கிழமை எனக்குப் பெருவிரல் படம்கூட வரவில்லை. கமலாவோடு பேசுவாள். நான் தொலைபேசிக்குக் கிட்டப் போனால், "வேலை இருக்கு, வைக்கிறன்" என்பாள். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். ஆனால் எதற்கென்று கேட்பது? வேலையைக் காப்பாற்றியதற்கா? அவளும் கேட்டிருக்கலாம், ஆருக்கு முன்னால வாயைக் கட்டியிருக்கிறேன் என்று கேட்ட அந்தச் சொல்லுக்காக. நெட்டையரும் கண்ணாடிக்காரரும்போல இரண்டு பேரும் சூப்பை ஆற விட்டோம்.

ஒரு சனிக்கிழமை அரிசி எடுத்துப் போக வந்தாள். நான் மேசையில் இருந்தேன். அவள் எதிரே இருந்து தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கமலா குசினிக்குள் இருந்து வந்து, ஊரிலிருந்து கொண்டுவந்து அலுமாரிக்கு மேலே வைத்திருந்த வட்டாவைத் துடைத்து எங்களுக்கு நடுவில் வைத்தாள். எனக்கு வெற்றிலை, பாக்கு. மகள் வெற்றிலை போடமாட்டாள் என்பதால் ஒரு பக்கத்தில் பயத்தம் பணியாரம்.

"கீழ போய் அரிசி எடுத்திற்று வாறன். அந்தக் கதவு திறக்கிறதுக்கு ஒள்ளம் நேரம் செல்லும்" என்றாள். எங்கள் இருவருக்கும் விளங்கிவிட்டது. அம்மாவின் கதையைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளை இல்லை ஆரணி.

வெளிக்கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. நான் சட்டைப் பையில் இருந்து இரண்டு உறைகளையும் எடுத்து வட்டாவின் ஓரத்தில் வைத்தேன். ஒன்று பிரித்தது, மடிப்புகள் தேய்ந்துபோனது. அவள் அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"குடுக்கல்ல. வாசிச்சனான்" என்றேன்.

"எத்தின தரம்?"

"ஒவ்வொரு நாளும்."

அரை மணித்தியாலம் கழித்துக் கமலா வந்தாள். ஒரு சாண் கனத்துக் கதவைத் திறந்து, மூடி, இத்தனை படி ஏறி வந்தவள் அரிசியைக் கீழேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். வட்டாவைப் பார்த்தாள், எங்கள் முகங்களைப் பார்த்தாள், மீன் சட்டியை அடுப்பில் வைக்கப் போனாள்.

இன்று காலை நானும் ஆரணியும் ஏரிக்குப் போய் வாத்துகளுக்குப் பக்கத்தில் முங்கினோம். அவளுக்கு அது முதல் தரம். மூன்று தரம் முங்க வேண்டும் என்றால், "ஒண்டு போதும், முருகன் கணக்குப் பாக்கமாட்டார்" என்று பல் நடுங்கக் கரைக்கு ஓடினாள். அந்தப் பழைய துவாயைப் போர்த்திவிட்டேன். அதை வீடியோ எடுத்து அக்காவுக்கு அனுப்பினோம். அக்கா உடனே அழைத்தாள். சுகம் கேட்டாள், தண்ணீர் எப்படி என்று கேட்டாள், பிறகு பத்து மாதமாகக் கேட்டுக்கொண்டிருப்பதையே திரும்பவும் கேட்டாள்.

"உண்மையச் சொல்லு தம்பி, அண்டைக்கு வட்டாவில நீயா மகளா, ஆரு முதல்ல கை வச்ச?"

ஆரணி என்னைப் பார்த்தாள். நான் ஈரத் துவாயின் நுனியை இழுத்து என் வாயைச் சுற்றிக் கட்டிக்கொண்டேன்.